ஒத்திகையின் விலை

பாறசாலையில் நாம் குடியிருக்கும் வீட்டிலிருந்து களியக்காவிளைச் சந்தை நெடுந்தொலைவு அன்று. காலையில் மிதிவண்டியில் போய்க் காய்கறி வாங்கித் திரும்பி, குளித்து, திருவனந்தபுரம் செல்லும் பயணிகள் இரயிலையும் பிடித்துவிடலாம். வீடு கேரளத்தில், சந்தை தமிழ்நாட்டில். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் இப்பாலே நின்றது. கோடு வரைந்தவர்கள் நாட்டு நன்மையைக் கருதித்தான் வரைந்தார்கள். ஆயினும் கோட்டின் இப்பக்கம் வாழ நேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பொதுவிதி என்ற சொல்லைக் கேட்டவுடன் ஓர் ஐயம் எழுவது இயல்பு. எல்லோர்க்கும் பொதுவாக ஒரு விதி இயற்றப்பட்டால், அது நம் வாசலுக்கு வந்து சேரும்போது எவ்வடிவத்தில் இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நம்மவர் வழக்கமாகிவிட்டது.

இத்தகைய ஊரிலிருந்து கார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்களுக்கு நகைப்பை விளைவிக்கலாம். மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலம் கழிக்கும் நமக்கு உடைமையாக இருக்கும் ஊர்திகள் முற்கூறிய மிதிவண்டியும், இரயிலுக்கான சீசன் சீட்டுமே ஆகும். ஆனால் பந்தயத்தை நாம் தேடிச் செல்லவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த நம் தமக்கை மகன் ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியில் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரெனத் திரும்பி, "மாமா, போட்டிக்கு முன்னே வண்டியை ஓட்டிப் பார்க்கவே கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். செலவு மிச்சமாம். இது நியாயமா?" என்று கேட்டான். விடை சொல்ல வாயெடுத்த நாம் நிறுத்திக்கொண்டோம். அக்கேள்வி கார்களைப் பற்றியதாக மட்டும் நமக்குப் படவில்லை. சென்ற ஆண்டு நாமே செய்த ஒரு காரியம் நினைவில் தைத்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் பந்தயத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

பார்முலா ஒன் எனப்படும் உலகக் கார்ப் பந்தயத்தில் ஓடும் வண்டிகளை அவ்வவ் அணிகளே வடிவமைத்துச் செய்கின்றன. ஆதலால் வண்டியைச் செய்தபின் அதனை ஓட்டிப் பார்த்துக் குறைகளைக் களைவது தொழிலின் பாதி. டயர் எத்தனை சுற்றுத் தாங்கும், வளைவில் பின்பக்கம் வழுக்குகிறதா, எஞ்சின் எப்போது சூடேறுகிறது என்பனவெல்லாம் ஓட்டிப் பார்த்தே அறியப்பட்டன. இதற்குச் சோதனை ஓட்டம் என்று பெயர். நாடகக்காரர் மொழியில் சொன்னால் ஒத்திகை. இத்தாலி நாட்டுப் பெராரி அணிக்குத் தன் தொழிற்சாலையின் அருகிலேயே 1972 முதல் பியோரானோ என்னும் சொந்த ஓடுபாதை உண்டு. 1988இல் முகெல்லோ என்னும் பெரிய பாதையையும் அது விலைக்கு வாங்கிக்கொண்டது. பிறர் நாள் வாடகை கொடுத்து, வண்டிகளைச் சுமந்து, வேற்று நாட்டுப் பாதைகளுக்குச் சென்று ஒத்திகை பார்க்க, பெராரி மட்டும் வீட்டு முற்றத்தில் பார்த்தது. 2000 முதல் 2004 வரை ஐந்து ஆண்டுகளும் அதன் ஓட்டுநர் மைக்கேல் ஷூமேக்கரே உலக வாகையர். 2004இல் நடந்த 18 பந்தயங்களில் 15ஐ அந்த அணியே வென்றது.

அவ்வாண்டின் இறுதியில் மற்ற ஒன்பது அணிகளும் ஒன்றுகூடி, செலவு கட்டுக்கடங்காமல் போகிறது, சோதனை ஓட்டத்தைக் குறைப்போம் என்று உடன்பாடு செய்துகொண்டன. பெராரி கையெழுத்திட மறுத்தது. அதன் வாதத்தையும் கேட்க வேண்டும். எதிரணியில் ஏழு அணிகள் மிஷலின் டயரைப் பயன்படுத்தின. எழுவரும் ஒவ்வொரு நாள் ஓட்டிப் பார்த்தாலும் அந்த டயருக்கு ஏழு நாள் அறிவு சேர்ந்துவிடும். பெராரியோடு பிரிட்ஜ்ஸ்டோன் டயரைப் பகிர்ந்துகொண்ட ஜோர்டனும் மினார்டியும் ஏழை அணிகள். அவற்றால் ஒத்திகைக்குச் செலவிட இயலாது. ஆகவே நாள் கணக்கில் எல்லோரும் சமம் என்றால் எமக்கு அது சமமாகாது என்றது பெராரி.

இங்கே ஓர் அறவினா எழுகிறது. குறைப்போம் என்ற ஒன்பது அணிகளுக்கும் சிக்கனத்தில் திடீரென்று பற்று வந்துவிடவில்லை. அவற்றுள் பல, பெரும் கார்த் தொழிற்சாலைகளின் பணத்தில் கொழுத்தவை. தொடர்ந்து தோற்றதனால் எழுந்த பொறாமையே அவற்றின் வாயில் சிக்கனமாகப் பேசியது என்று கூறுவாரும் உளர். இருக்கட்டும். பொறாமையால் கேட்கப்பட்டது என்பதனால் ஒரு கோரிக்கை நியாயமற்றதாகிவிடுமா? பக்கத்து வீட்டுக்காரர் நம்மேலுள்ள பகையினாலேயே வேலியை அளக்கச் சொல்கிறார் எனினும், வேலி உண்மையில் தள்ளி நின்றால் அளந்துதானே ஆக வேண்டும்? கேட்பவனின் உள்ளத்தைத் துருவிப் பார்ப்பது அவன் நண்பனின் வேலை. நடுவரின் வேலை கேட்கப்பட்ட பொருளைப் பார்ப்பது. ஆதலால் ஒன்பதின்மரின் பொறாமையை நாம் மன்னித்துவிடலாம். அக்கோரிக்கையால் எவன் கையிலிருந்து எது போகிறது என்பதை மட்டுமே நாம் காண வேண்டும்.

பாரதக் கதையில் ஏகலைவனின் வரலாறு அனைவரும் அறிந்ததே. அங்கும் ஒரு போட்டியாளன் முறையிட்டான்; தனக்கு நிகரான வில்லாளி இல்லை என்று ஆசான் அளித்த வாக்கு பொய்யாகலாமா என்று வருந்தினான். அம்முறையீட்டின் விலையாகக் காட்டில் தனியே ஒத்திகை பார்த்துக் கற்றவனின் கட்டைவிரல் போயிற்று. அரண்மனையில் கற்றவனின் விரல் போகவில்லை. ஒன்பது அணிகள் கேட்டதோ இதற்கு நேர்மாறானது. அரண்மனையில் உள்ளவனின் ஒத்திகையைக் குறையுங்கள் என்பது. கேட்கும்போது இது செம்மையாகவே தோன்றுகிறது. ஆனால் விதி என்பது இயற்றியவர் குறித்த இடத்திலேயே போய் விழும் என்று யார் உறுதி கூற முடியும்?

நடந்ததைப் பாருங்கள். சிக்கனத்தின் பெயராலும் வேகத்தைக் குறைக்கும் பொருட்டும் 2005ஆம் ஆண்டில் பல கட்டுப்பாடுகள் வந்தன. தேர்வுச் சுற்றுக்கும் பந்தயத்திற்கும் ஒரே டயர்த் தொகுதி என்பது அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானாபொலிசில், சாய்வாக அமைந்த பதின்மூன்றாம் வளைவின் சுமையை மிஷலின் டயர்கள் தாங்கா என்பது ஒத்திகை நாளில் ஒரு வண்டி சுவரில் மோதிய பிறகே தெரிந்தது. பந்தயத்தன்று பதினான்கு வண்டிகள் அணிவகுப்புச் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. ஆறு வண்டிகளே ஓடின. அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர் சென்னையில் பிறந்து கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான அவர், ஏழை ஜோர்டன் அணியில் இருந்தவர், நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். நம்மவர் பெற்ற புள்ளி என்று நாம் மகிழ்ந்தோம், மகிழ்ச்சியில் தவறில்லை. ஆயினும் அந்தப் புள்ளிகளின் பின்னே ஒரு பாடம் இருந்தது. ஓட்டிப் பார்த்து அறியாதது பந்தயத்தன்று வெளிப்பட்டால், அதன் விலையை மைதானத்தில் அமர்ந்திருப்பவர் உட்பட எல்லோரும் கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வாண்டு பெராரி வென்ற ஒரே பந்தயமும் அதுவே என்பது வேடிக்கை.

பிறகு 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஹோண்டா நிறுவனம் பந்தயத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தது. அச்சம் எல்லோரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. 2009 முதல் பந்தயப் பருவம் தொடங்கியபின் சோதனை ஓட்டமே கூடாது என்று முடிவாயிற்று. மறுத்துவந்த பெராரியும் இசைந்தது. இம்முடிவைக் குறை கூற நமக்கு மனமில்லை. அணிகள் மூடப்பட்டால் வேலை இழப்பவர் ஓட்டுநர் மட்டுமல்லர். பட்டறையில் திருகாணி முறுக்குபவனும் எம்போன்ற எழுத்தர்களும் இழப்பார்கள். குடும்பம் நொடிக்கும்போது செலவைக் குறைப்பது அறம் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் முதற்பருவத்திலேயே அதன் முகம் தெரிந்தது. ஜூலையில் ஹங்கேரிப் பந்தயத்தில் ஜெய்மி அல்குவர்சுவாரி என்னும் பத்தொன்பது வயது இளைஞர், முறையான ஒத்திகை ஏதுமின்றிக் களமிறங்கினார். அதே பந்தயத்தின் தேர்வுச் சுற்றில் பெராரியின் பெலிப்பே மாசா தலையில் அடிபட்டார். ஓய்வு பெற்றிருந்த ஷூமேக்கரை அழைத்துவர எண்ணிய பெராரி, அவர் புதிய வண்டியைப் பழகிக்கொள்ள ஒரு நாள் இசைவு கேட்டது. வில்லியம்ஸ் அணி உடன்படவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குக் கிட்டாத சலுகை ஏழு முறை வாகை சூடியவருக்கு ஏன் என்பது அதன் வாதம். கேட்பதற்கு எவ்வளவு இனிய நடுநிலை! நாமும் முதலில் கைதட்டத்தான் எண்ணினோம். பிறகுதான் ஒன்று உறைத்தது. பிள்ளைக்குக் கிட்டாததைப் பெரியவருக்கும் மறுத்தால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? இருவர் பசியோடிருக்கையில் இருவருக்கும் சோறில்லை என்பதும் சமத்துவம்தான். கழுத்துக் காயம் குணமாகாமையால் ஷூமேக்கர் வரவில்லை. லூகா படோயர் வந்தார். பல்லாண்டுகள் பெராரியின் சோதனை ஓட்டுநராக உழைத்தவர். அவ்வணியின் பாதைகளில் அவரளவு சுற்றியவர் சிலரே. புதிய வண்டியைப் பழக வாய்ப்பின்றி இரண்டு பந்தயங்களில் ஓடி இரண்டிலும் கடைசியாக வந்தார். வாழ்நாளெல்லாம் பிறருக்காக ஒத்திகை பார்த்த ஒருவர், தமக்கென்று ஒன்று தேவைப்பட்ட வேளையில் அது இல்லாமல் தலைகுனிந்து திரும்பியதை எண்ணும்போது நமக்குச் சற்றே நெஞ்சு கனக்கிறது.

இதனினும் நம்மை உறுத்துவது அடுத்த ஆண்டு நிகழ்ச்சி. 2010இல் செலவு குறையும் என்ற நம்பிக்கையூட்டி மூன்று புதிய அணிகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஹிஸ்பானியா என்பது பணமின்றித் தள்ளாடிய அணி. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அதன் ஓட்டுநரானார். பருவத்திற்கு முன் அனுமதிக்கப்பட்ட சில நாள் ஒத்திகைக்கும் அந்த அணியின் வண்டி முடிந்து வரவில்லை. மார்ச்சுத் திங்கள் பஹ்ரைனில் முதற்பந்தயம். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமைக் காலையும் அவர் வண்டியைப் பட்டறை ஆட்கள் பூட்டிக்கொண்டேயிருந்தனர். இடம் தீர்மானிக்கும் தேர்வுச் சுற்றில்தான் அந்த வண்டியில் அவர் முதன்முதலாக ஓடினார்! உலகத்தின் மிக வேகமான வண்டிகளுள் ஒன்று, கோடிக்கணக்கானோரின் கண்முன், முதல் ஓட்டமே தேர்வு. மறுநாள் பந்தயத்தில் ஒரு சுற்று முடிந்த அளவில் வண்டி மோதி நின்றுவிட்டது. அடுத்து ஆஸ்திரேலியாவில் 14ஆவதாக ஓடி முடித்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பஹ்ரைனில் நின்றதையே ஊர் பேசிற்று. அவ்வாண்டு பத்துப் பந்தயங்களுக்குப் பின் அவர் இடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார்.

விதி எவரிடமும் ஓரம் சாயவில்லை. பெராரிக்கும் ஹிஸ்பானியாவுக்கும் ஒரே எண்ணிக்கை நாட்களே. ஆனால் பெராரியின் பெட்டியில் முப்பது, நாற்பது ஆண்டு ஒத்திகையின் குறிப்பேடுகள் இருந்தன. ஹிஸ்பானியாவின் பெட்டி வெறுமை. நேற்றுவரை உண்டவனையும் நேற்றும் பட்டினி கிடந்தவனையும் இன்று ஒருசேர நோன்பிருக்கச் சொன்னது போலாயிற்று அது. அம்மூன்று புதிய அணிகளும் 2017ஆம் ஆண்டு பிறந்த சில வாரங்களுக்குள் ஒவ்வொன்றாய் மறைந்துபோயின. பணமில்லாமை முதற்காரணம், ஐயமில்லை. ஆயினும் அவற்றைக் காக்கவென்று சொல்லப்பட்ட சிக்கனம் அவற்றைக் காக்கவில்லை.

பணமுடையவர்களோ வேறு வழி கண்டனர். ஓடுபாதையில் செலவிடாத பணம், அறைக்குள் ஓட்டிப் பழகும் போலிவண்டிக் கருவிகளிலும், காற்றின் போக்கை ஆராயும் காற்றுச் சுரங்கங்களிலும், கணிப்பொறிகளிலும் போய்ச் சேர்ந்தது. 2013 மே மாதம் மெர்சிடீஸ் அணி அவ்வாண்டு வண்டியிலேயே பிரெல்லி டயர் நிறுவனத்திற்காகப் பார்சிலோனாவில் மூன்று நாள் ஓசையின்றி ஓட்டிப் பார்த்தது. செய்தி வெளிவந்ததும் பிற அணிகள் கொதித்தெழுந்தன. விசாரணை மன்றம் கண்டித்து, இளம் ஓட்டுநர்களுக்கென நடைபெறவிருந்த ஒத்திகையில் கலந்துகொள்ள அவ்வணிக்குத் தடை விதித்தது. தண்டனையைக் கவனித்தீர்களா? குற்றம் அணியுடையது, இழந்தது அணியின் இளைஞர்களுடைய பயிற்சி. ஆயினும் பிரெல்லியின் குறையிலும் உண்மை இருந்தது. இந்நாள் வண்டியில் ஓட்டிப் பாராமல் இந்நாள் டயரைச் செய்வது எப்படி என்று அது கேட்டது. அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் பந்தயத்தின் நடுவே அடுத்தடுத்துப் பல வண்டிகளின் டயர்கள் வெடித்துச் சிதறின. உயிர்ச்சேதம் இல்லை என்பது நல்லூழ். அதன் பிறகே ஒத்திகை விதி சற்றுத் தளர்த்தப்பட்டது.

இனி நம் கதைக்கு வருவோம்.

சென்ற ஆண்டு இப்பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு பேச்சுப் போட்டிக்கு விதி வகுத்தோருள் நாமும் ஒருவர். முன்பெல்லாம் தலைப்பை ஒரு மாதத்திற்கு முன்னரே அறிவிப்பதும், மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டிப் பயிற்சி வகுப்பு நடத்துவதும் வழக்கம். அதன்மேல் ஒரு முறையீடு எழுந்தது. வசதியுள்ள சிலர் நாகர்கோவிலிலிருந்து ஆசிரியரை அமர்த்தி, உரையை எழுதி வாங்கி, பிள்ளையைக் கிளிபோல் ஒப்பிக்கச் செய்கிறார்கள் என்று பிற பெற்றோர் வருந்தினர். வருத்தத்தில் உண்மை இருந்தது. பொறாமையும் கொஞ்சம் இருந்தது. நாம் மிகுந்த நடுநிலையோடு கூடி ஆராய்ந்தோம். இனித் தலைப்பைக் குலுக்கிப் போட்டு மேடையேறுவதற்குப் பத்து நிமிடத்திற்கு முன்பே கொடுப்பது என முடிவு செய்தோம். அவ்வாறாயின் பயிற்சி வகுப்பு எதற்கு? விளக்குச் செலவு, தேநீர்ச் செலவு, ஆசிரியரின் பேருந்துக் கட்டணம் எல்லாம் மிச்சம். அதே பேனாவால் அதனையும் அடித்துவிட்டோம். அலுவலகத்தில் சிக்கனச் சுற்றறிக்கைகளைப் படி எடுத்தே நரைத்துப்போன கை அது, தயக்கமின்றி அடித்தது.

போட்டி நாளன்று பாலராமபுரத்து நெசவாளர் ஒருவரின் மகள் மேடையேறினாள். ஏழாம் வகுப்பு. பள்ளியில் மலையாள வழிப் படிப்பு. வீட்டில் தமிழ் பேசுவார்கள். ஆனால் மேடைத் தமிழை அவள் அறிந்தது நம் மாலை வகுப்புகளில்தான். முந்தைய ஆண்டு அவ்வகுப்பின் உதவியால் பேசி ஆறுதல் பரிசும் பெற்றவள். இம்முறை சீட்டைப் பிரித்துப் படித்தாள், அவையோர்க்கு வணக்கம் என்றாள், நின்றாள். இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளமானது என்பதை அன்றுதான் நாம் உணர்ந்தோம். மணி அடித்ததும் இறங்கிப் போய்த் தந்தையின் அருகே அமர்ந்துகொண்டாள். அழவில்லை. பரிசுகளைப் பெற்றவர் யாவர்? இல்லத்தில் புத்தக அலமாரியும், செந்தமிழ் பேசும் பெற்றோரும் உடைய பிள்ளைகள். அவர்களுக்கு நாள்தோறும் உணவு மேசையிலேயே ஒத்திகை நடக்கிறது. அதனை எந்தக் குழுவும் தடை செய்ய இயலாது. நாகர்கோவில் ஆசிரியரை அமர்த்தியவரின் மகனே முதற்பரிசு பெற்றான். நன்றாகவும் பேசினான். அவனிடம் ஒரு குறையும் காண்பதற்கில்லை.

ஓணத்திற்குச் சில நாள் முன்பு நேரியது வாங்கப் பாலராமபுரம் போயிருந்தோம். அவ்வூர்ச் சாலியர் தெருக்களில் குடியிருப்போரின் முன்னோர் திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்துவரப்பட்ட நெசவாளர். நம்மவருள் பழைய குடியேறிகள். அச்சிறுமியின் தந்தையே துணியை எடுத்துக் காட்டினார். போட்டியைப் பற்றி அவர் பேசவில்லை. நமக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. வேறு ஏதோ பேசவேண்டி, மூலையில் பாவு இல்லாமல் கிடந்த ஒரு குழித்தறியைக் காட்டி ஏன் ஓடவில்லை என்று கேட்டோம்.

"அது பிள்ளைகள் படிக்கிற தறி சார். மட்ட நூல் போட்டுக் கொடுப்போம். அறுப்பார்கள், முடிவார்கள், கை வந்துவிடும். நூல் விலை ஏறியபோது முதலில் அதைத்தான் நிறுத்தினோம். விற்கிற தறியை நிறுத்த முடியாதே" என்றார் அவர். சற்று நேரம் கழித்து, "இப்போது நிறுத்தினது ஒன்றும் தெரியாது சார். நான் கண் மங்கி உட்காரும்போதுதான் தெரியும்" என்று சொல்லி நேரியதை மடித்தார்.

சிக்கனம் வந்தால் வெட்டு முதலில் கற்பவனின் நூலின்மேல் விழுகிறது. காரணம் எளிது. ஓடும் தறியை நிறுத்தினால் இன்றே நட்டம் தெரியும். கற்கும் தறியை நிறுத்தினால் நாளைதான் தெரியும். நாளைக்குக் குழுவும் மாறிவிடும், அதிகாரியும் மாறிவிடுவார்.

ஆயின் செலவைக் குறைக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். குறைக்கலாம், குறைத்தவரும் உண்டு. கோவையில் கரிவரதன் என்றொருவர் இருந்தார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்கு அருகேயுள்ள கரி ஓடுபாதை அவர் பெயரால் வழங்குவது. பந்தயம் செல்வர் விளையாட்டாகவே இருந்த நாளில், சாதாரண மாருதிக் காரின் எஞ்சினைப் பொருத்தி, யாவர்க்கும் ஒரே மாதிரியான சிறு பந்தய வண்டியை அவர் செய்தார். பார்முலா மாருதி என்பது அதன் பெயர். நரேன் கார்த்திகேயனும் அவ்வண்டியில் ஓடிப் பழகியவரே. சோழவரத்தில் போர்க்கால விமானத்தளத்தில் நடந்துவந்த பந்தயங்களின் வழியாகவும், 1990இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சென்னைப் பந்தயக் கழகம் அமைத்த பாதையின் வழியாகவும் வந்தவர்களுக்கு அச்சிறு வண்டி எத்தகைய கொடை என்பதை எண்ணிப் பார்க்கலாம். கரிவரதனும் செலவைத்தான் குறைத்தார். ஆனால் அவர் ஒத்திகையைக் குறைக்கவில்லை. ஒத்திகையின் விலையைக் குறைத்தார். மட்ட நூல் போட்ட தறி அது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் சிக்கனம் என்று அழைப்பதனால்தான் நமக்கு மயக்கம் நேர்கிறது.

பார்முலா ஒன் பந்தயத்தை நடத்துவோரும் காலம் தாழ்ந்தே எனினும் இதனை ஒருவாறு உணர்ந்ததாகத் தெரிகிறது. 2021 முதல் ஓர் அணி ஆண்டில் செலவிடத்தக்க தொகைக்கு 14 கோடியே 50 இலட்சம் டாலர் என ஓர் உச்ச வரம்பு விதித்தனர். அத்தோடு காற்றுச் சுரங்க ஆய்வுக்கு ஒரு படிநிலை அளவும் வைத்தனர். வென்ற அணிக்குக் குறைவு, தோற்ற அணிக்கு மிகுதி. 2022 முதல் அடிப்படை அளவில் முதலிடத்தார்க்கு நூற்றுக்கு 70, பத்தாம் இடத்தார்க்கு 115. வரம்பை மீறிய ரெட் புல் அணிக்கு 2022இல் 70 இலட்சம் டாலர் தண்டமும், அவ்வாய்வு அளவில் பத்தில் ஒரு பங்கு குறைப்பும் விதித்தனர். எல்லோர்க்கும் ஒரே அளவு என்பதைக் கைவிட்டு, இல்லாதவனுக்குக் கூடுதல் என்று எழுதினார்களே, அவ்வளவில் நாம் அதனைப் பாராட்டுகிறோம். உழைத்து வென்றவனைத் தண்டிப்பதா என்று நம் தமக்கை மகன் சினந்தான். வென்றவனின் வெற்றியை யாரும் பறிக்கவில்லை, மருமகனே; அடுத்த ஆண்டின் ஒத்திகையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பக்கத்து இலையில் வைக்கிறார்கள் என்றோம். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பதினாறு வயதில் நாமும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆயினும் ஓடுபாதை ஒத்திகையில் பழைய கதைதான். 2023 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் பருவத்திற்கு முன் மூன்றே நாட்கள். ஆனால் பழைய ஆண்டு வண்டிகளில் ஓட்டிப் பார்க்க வழி உண்டு. பணமுள்ள அணி அதனைச் செய்கிறது. இத்தாலிய இளைஞர் கிமி ஆன்டனெல்லியை மெர்சிடீஸ் அணி 2024இல் பழைய வண்டிகளில் பல நாடுகளில் ஓட்டிப் பழக்கியது. 2025இல் மெல்போர்னில், மழையில், தம் முதற்பந்தயத்திலேயே அவர் நான்காவதாக வந்தார். திறமையாளர், ஐயமில்லை. ஆயினும் அன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த நமக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பஹ்ரைனில் பட்டறை வாயிலில் தலைக்கவசத்தோடு காத்திருந்தவரின் நினைவே வந்தது.

இவ்வாண்டு விதி வகுக்கும் கூட்டம் சென்ற ஞாயிறன்று நடந்தது. தலைப்பை முன்னரே அறிவிக்க வேண்டும், மாலை வகுப்புகளை மீண்டும் தொடங்க வேண்டும், அதிலும் முன்னர்ப் பரிசு பெறாத பிள்ளைகளுக்கு இரு மடங்கு நாட்கள் வேண்டும் என்று நாம் கூறினோம். எதிர்ப்பு எழுந்தது. முன்னரே அறிவித்தால் நாகர்கோவில் ஆசிரியரும் திரும்ப வருவாரே என்றார் ஒருவர். வரட்டும் என்றோம். இரு மடங்கு நாட்கள் என்பது ஓரவஞ்சனை என்றார் இன்னொருவர். அவர் பிள்ளை சென்ற ஆண்டு இரண்டாம் பரிசு பெற்றவன், ஆதலால் அவர் குரலில் இருந்த சூட்டை நாம் குறைவாக எடைபோட விரும்பவில்லை. அவர் கேள்விக்கு முழுமையான விடை நம்மிடம் இல்லை என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டோம். பொருளாளர் விளக்குச் செலவைக் கணக்கிட்டுக் காட்டினார். இறுதியில் வாக்கெடுப்பில்லாமலே, அரை மனத்தோடு, வகுப்புகளுக்கு மட்டும் இசைவு கிடைத்தது. இரு மடங்கு நாட்கள் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டன.

வரும் திங்கட்கிழமை முதல் மாலை ஆறு மணிக்கு வகுப்பு. பாலராமபுரத்திலிருந்து அச்சிறுமி வருவாளா என்று தெரியவில்லை. சொல்லியனுப்பியிருக்கிறோம். பேருந்து நிறுத்தத்தில் போய் நின்று, "வா மக்களே" என்று அழைத்துவர வேண்டியது இனி நம் வேலை. வந்தால் முதலில் பேச வேண்டியவர் அவளல்லர். அன்று மணியை அடித்தவர் நாம்தாம் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.